இளைஞரும் சுழற்சிப் பொருளாதாரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இற்றை நாளில் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் பத்திரிகையைத் திறந்தாலும் 'நிலைபேறான அபிவிருத்தி', 'சுழற்சிப் பொருளாதாரம்' என்னும் இரண்டு தொடர்கள் நம் கண்ணிற் படுகின்றன. நமக்கு வேண்டியதை நாம் பெறுங்கால் நம் பின்னோர் பெறவேண்டியதைக் கெடுத்துவிடலாகாது என்பது முன்னதன் சாரம். 1987ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு ஒன்று இக்கருத்தை உலகறியச் செய்தது. எடுத்தல், செய்தல், எறிதல் என்னும் நேர்கோட்டு வழக்கத்தை விடுத்து, ஒரு பொருளை நெடுநாட் பாவித்து, பழுதுற்றாற் திருத்தி, ஈற்றில் அதனையே வேறொன்றின் மூலப்பொருளாக்குதல் பின்னதன் சாரம். இவற்றை இளைஞருக்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சொல் புதிதாயினும் செயல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதிதன்று. பனையோலை வீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கிய ஓலையை இறக்கிப் புதிதாய் வேய்ந்தபோது, பழைய ஓலை தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகச் சென்றது. வேலிப் பூவரசின் குழை ஆட்டுக்குத் தீனியாயிற்று. எஞ்சிய குழையைச் செம்மண்ணிலே தாழ்த்தினர். ஆட்டெருவும் அம்மண்ணுக்கே சேர்ந்தது. பனங்கொட்டையைப் பாத்தியிட்டுக் கிழங்கெடுத்த பின் மிஞ்சிய ஊமலும் அடுப்புக்கு உதவிற்று. இவ்வாறு செய்தோர் எல்லோரும் பெரிய தத்துவம் கற்றவரல்லர். இல்லாமையும் உழைப்புமே அவர்க்கு ஆசிரியராயின. ஆதலால் அக்கால வாழ்வைப் பொற்காலமென்று புகழ்ந்து அதற்கே திரும்புவோமென நாம் சொல்லவில்லை. அவர்தம் கைக்குத் தெரிந்த அறிவு நம் கைக்குத் தெரியாமற் போகலாகாது என்றே சொல்கின்றோம்.

அவ்வறிவு போனால் நேர்வது யாது? 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மலை ஒருவர் எறிந்ததன்று. பல்லாயிரம் பேர் நாள்தோறும் கட்டி வெளியே வைத்த சிறு பொட்டலங்களே மலையாயின.

நம் குடாநாட்டிலோ ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வற்றாத ஆறொன்றும் இங்கில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தேங்கி நிற்க, அந்நீரையே கிணறு வெட்டிக் குடிக்கின்றோம். மண்மேல் இட்டது எதுவோ அதுவே நீரிற் கலக்கும். இரசாயனப் பசளையாலும் மலக்குழிகளாலும் இங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்து, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். பாலுண்ணும் குழந்தைகளுக்கே இதனால் தீங்கு பெரிது. நாம் எறிவது எங்கோ போய்விடுகின்றது என்பது மயக்கம். அது நம் செம்பிலேயே திரும்பி வருகின்றது.

நிற்க, இதனைச் சங்கத்தின் வேலையாகக் கொள்வது ஏன்? ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒழுங்காயிருந்தாற் போதாதா என்று கேட்பாருண்டு. போதாது. ஒருவர் தனித்து நின்று சிக்கனமாயிருத்தல் கூடும். ஆனால் தனித்து நின்று சுழற்சியை நிறைவேற்றல் அரிது. ஒரு வீட்டிற் கழிந்தது வேறொரு வீட்டின் தேவையாக வேண்டும். சமையற்காரரின் கழிவு தோட்டக்காரருக்குப் போகவேண்டும். பழுதான துவிச்சக்கரவண்டி திருத்தத் தெரிந்தவரிடம் சேரவேண்டும். இதற்கு அயலாரை அறிதலும் கூடி உழைத்தலும் இன்றியமையாதன. ஆகவே இப்பாடத்தின் வகுப்பறை கூட்டுவேலையே.

உலகிற் சிலர் இதனைச் செய்து காட்டியுள்ளனர். யப்பானிலே 2,000 பேருக்கும் குறைந்தோர் வாழும் கமிகற்சு என்னும் மலையூர், 2003ஆம் ஆண்டில், 2020க்குள் கழிவே இல்லாத ஊராவோம் என உறுதி பூண்டது. ஊரவர் தம் கழிவைத் தாமே கழுவி, கொண்டு சென்று, 40க்கு மேற்பட்ட வகையாகப் பிரித்து வைக்கின்றனர். குறித்த ஆண்டில் இலக்கு முற்றாக நிறைவேறவில்லை. எனினும் கழிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு மீண்டும் பயனாகின்றது. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் 2009இல் மார்ற்றீன் பொஸ்ற்மா என்னும் அம்மையார், அயலவர் கூடிப் பழுதான பொருள்களைத் திருத்தும் நாளொன்றைத் தொடக்கினார். இன்று அத்தகைய கூடங்கள் பல நாடுகளில் 2,000க்கு மேலுள்ளன. நம் இலங்கையிலும் 1958இல், நாலந்தா வித்தியாலயத்து ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் வறிய கிராமத்துக்கு அழைத்துச் சென்று மக்களோடு சேர்ந்து உழைக்கச் செய்தார். சர்வோதய இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது.

இனி, நம் சங்கம் செய்யத்தக்க நான்கு வேலைகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நிறுத்தறிதல். அடுத்து வரும் விழாவில் இளைஞர் நால்வர் தராசோடு நிற்கட்டும். உணவுக் கழிவு, கடதாசி, பிளாஸ்ரிக், ஏனையவை எனப் பிரித்து, நிறுத்து, கொப்பியில் எழுதட்டும். மறு ஆண்டுத் தொகையோடு ஒப்பிட்டால் நாம் முன்னேறினோமா என்பது தெரிந்துவிடும். மென்பொலித்தீன் உணவுத் தாளை 2017இலும், ஒருமுறை பாவித்தெறியும் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி முதலியவற்றை 2023இலும் அரசாங்கம் தடைசெய்தது. சட்டம் விலக்கிய இடத்தை நிரப்புவது நம் கடன். சங்கம் எவர்சில்வர்க் கோப்பைகளும் குவளைகளும் வாங்கி, ஊரின் நன்மை தின்மைகளுக்கு இரவல் கொடுத்து, கழுவித் திருப்பி வாங்கலாம்.

இரண்டாவது, கூட்டெரு. நம் வீட்டுக் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது மண்ணாகத் தக்கது. பச்சைக் கழிவும் காய்ந்த சருகும் மாறி மாறி அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே கிளறிவிட்டால் மூன்று மாத அளவில் எருவாகும். கிளறும்போது எழும் சூட்டைக் கையால் உணரும் பிள்ளைக்கு நுண்ணுயிரைப் பற்றித் தனிப்பாடம் வேண்டுவதில்லை. அவ்வெருவில் விளைந்த கத்தரியும் பூசணியும் நம் அன்னதானக் கறியாகுமாயின் சுழற்சி முழுமை பெறும்.

மூன்றாவது, திருத்துநாள். மாதம் ஒருமுறை தையல் அறிந்தவர், வண்டி திருத்துபவர், மின்கருவி தெரிந்தவர் சங்க மண்டபத்தில் கூடுக. பொருளை ஒப்படைத்துவிட்டுப் போவோருக்கு அங்கு இடமில்லை. உடையவர் அருகிலிருந்து தாமும் கைபிடித்துக் கற்க வேண்டும்.

நான்காவது, பனை. ஆவணி புரட்டாதியில் விழும் விதைகளைப் பொறுக்கி நடுவோம். அவை காய்க்க 12 முதல் 20 ஆண்டுகள் செல்லும். நட்டவருக்கன்றிப் பின்னோருக்கே பயன் மிகுதி. அத்தோடு, கடகமும் பெட்டியும் தட்டுவமும் இழைக்க வல்ல முதியோர் நம்மிடையே இன்னும் உளர். பெரியோர்களே, அவ்வித்தை உங்களோடு போய்விட விடாதீர்கள். இளைஞர்களே, அவர்களைத் தேடிச் சென்று கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்வோம். ஒருநாட் சிரமதானம் செய்து, படம் பிடித்து, சேர்த்த குப்பையை மூலையிற் கொளுத்திவிட்டுக் கலைவது கல்வியாகாது. பிளாஸ்ரிக் புகை நஞ்சு. பழைய பொருளை உருக்கிப் புதிதாக்கும் மறுசுழற்சியும் கடைசிப் படியே. வேண்டாததை வாங்காமை முதற்படி. உள்ளதைப் பேணலும் திருத்தலும் இடைப்படிகள்.

ஆதலின் அன்பர்களே, நான்கையும் ஒருங்கே தொடங்க வேண்டுமென்பதில்லை. ஒன்றைத் தெரிந்து, ஓராண்டு விடாது நடத்துங்கள். அடுத்த ஆண்டு மலரிலே பேச்சுக்குப் பதிலாக அந்தக் கொப்பியின் கணக்கு அச்சேறுமாயின், அதுவே இவ்விழாவின் பயனெனக் கொள்வோம்.