உள்ளங்காலைப் பார்த்தீர்களா?

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் "சுகர் எவ்வளவு?" என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். "உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டால் யோசிப்பார்கள். இன்றைய பேச்சு பாதத்தைப் பற்றித்தான்.

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புகள் கெடக்கூடும். பெரும்பாலும் கால் விரல்களில்தான் அது தொடங்கும். முதலில் எரிச்சல், மதமதப்பு. போகப்போக உணர்ச்சியே குறைந்துவிடும். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் போகிறவர்கள் உண்டு. முள் குத்தினாலும் அப்படித்தான். காலுக்கு இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், சின்னக் காயம்கூட ஆறாமல் சீழ் பிடித்து, விரலையே எடுக்கும்படி ஆகிவிடலாம்.

ஆகவே, வலி சொல்ல வேண்டியதைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் படுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதற்கு மேலே காலைத் தூக்கிப் பிடிக்கலாம். பார்வை மங்கலா? பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம், நிறமாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலிடுக்கை மறக்கக் கூடாது.

கால் கழுவியதும் விரலிடுக்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள்; போடும் முன் உள்ளே கல், மண் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல் கொதிக்கும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது கால் கொப்புளித்த பிறகுதான் தெரியும். காலையிலேயே தரிசனம் முடித்துவிடுங்கள்.

காயம் கண்ணில் பட்டால் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

காயமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை தேவை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். வலிக்காது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.