ஜாடியின் வயது

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்துடன் கடைவீதியில் நிற்கின்றோம். கடைக்காரர் நீல வெள்ளைச் சீனப் பீங்கான் ஜாடியொன்றைக் கவிழ்த்து, அடியிலுள்ள முத்திரையைக் காட்டி, '500 ஆண்டுப் பழமை' என்கிறார். நம்பிவிடலாமா?

முத்திரை வயதுக்குச் சாட்சியாகாது. செங்ஹுவா பேரரசரின் ஆட்சியாண்டுகள் 1465 முதல் 1487 வரை. அம்முத்திரையையே, பழைய வேலைப்பாட்டின் மீதிருந்த மதிப்பால், காங்சி காலத்து (1662–1722) ஜிங்தெசென் குயவர்களும் தம் ஜாடிகளில் எழுதினர்.

ஆகவே எழுத்தை விடுத்து, மெருகு பூசாத அடிவளையத்தை உற்றுநோக்குவோம். தலைமுறைகள் புழங்கிய ஜாடியில் கீறல்கள் பல திசைகளிலும் ஓடும், ஆழமும் மாறுபடும். உப்புத்தாள் கொண்டு தேய்த்த கீறல்களோ ஒரே திசையில் ஒழுங்காக நிற்கும்.

இதுவும் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்பாகாது. தேர்ந்தவர் பார்த்த பின்னரே பழமைக்கு விலை கொடுப்போம். அதுவரை அழகுக்குரிய விலையே போதும்.