உயில் எழுதி வைப்பது அவசியம்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் உயில். "நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சு?" என்று மாமிகள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கல்யாணம் என்றால் ஒரு வருஷம் முன்பே சத்திரம் பார்க்கிறோம். ஊருக்குப் போக 60 நாள் முன்பே ரயில் டிக்கெட் எடுக்கிறோம். எல்லோருக்கும் நிச்சயமான ஒரு பிரயாணத்துக்கு மட்டும் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நான் இயற்பியல் படித்தவன். ஆதாரம் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. மத்திய அரசில் பல ஊர்களில் வேலை பார்த்தவன். பென்ஷன் பிரிவில் இருந்த வருஷங்களில், காலமான ஊழியர்களின் மனைவிமார் என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். குடும்ப பென்ஷன் விதிப்படி வந்துவிடும். அதற்கு உயில் தேவையில்லை, உயிலால் அதை மாற்றவும் முடியாது. ஆனால் "எந்த பாங்கில் என்ன இருக்கு?" என்று கேட்டால், "எல்லாம் அவர்தான் பார்த்துப்பார்" என்பார்கள். அந்தப் பதிலை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

"எனக்கு என்ன பெரிய சொத்து? ஒரு ஃப்ளாட், கொஞ்சம் ஃபிக்ஸட் டெபாசிட். என் குழந்தைகள் தங்கம், அடித்துக்கொள்ள மாட்டார்கள்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. தங்கமாகவே இருக்கட்டும். நீங்கள் உயில் எழுதாவிட்டால், உங்களுக்காக அரசாங்கம் 1956-லேயே ஒன்று எழுதி வைத்திருக்கிறது. அதன் பெயர் இந்து வாரிசுரிமைச் சட்டம்.

அதன்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய சொத்து மனைவி, பிள்ளைகள், பெண்கள், அவருடைய தாயார் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். இரண்டு பிள்ளை, ஒரு பெண் உள்ள வீட்டில், நாற்பது வருஷம் குடித்தனம் செய்த மனைவிக்குக் கால் பங்கு. மாமியாரும் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. இந்த முதல் வரிசையில் தகப்பனாருக்கு இடமே இல்லை. மகனை நம்பி இருந்த 85 வயதுத் தகப்பனாருக்கு இந்தச் சட்டப்படி பங்கு எதுவும் வராது. "பெண்ணைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, அவளுக்குப் பங்கில்லை" என்பதும் தவறு. தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் பெண்ணுக்கு 1956 முதலே சம பங்கு உண்டு. 2005 முதல் பூர்வீகச் சொத்திலும் பிறப்புரிமை வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு மாமி, வயது 68. கணவர் பெயரில் மூன்றாவது மாடி ஃப்ளாட், லிஃப்ட் கிடையாது. அவர் போன பிறகு, அதை விற்றுவிட்டுப் பெண் இருக்கும் ஊரில் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்க நினைத்தார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "உன் இஷ்டம் அம்மா" என்றுதான் சொன்னார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. இருந்தும் வாரிசுச் சான்றிதழ், தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் பத்திரம், அதில் இனிஷியல் பிழை, மறுபடியும் பத்திரம் என்று ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை நாளும் முழங்கால் வலியோடு அந்த மாமி மூன்று மாடி ஏறி இறங்கினார். "ஃப்ளாட் என் மனைவிக்கு" என்று கணவர் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், குழந்தைகளின் கையெழுத்துக்காக அவர் காத்திருக்க வேண்டியிருந்திராது.

"நாமினி போட்டிருக்கிறேனே, போதாதா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போதாது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஷேர்களுக்கும் இதுவே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-ல் வந்த திருத்தப்படி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். பாங்க் டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் முதல் நான்கு நாமினி வரை போடலாம். அவசியம் போடுங்கள். உயிலும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உயில் என்பது ஆண்கள் சமாசாரம் என்று இருந்துவிடாதீர்கள். குழந்தை இல்லாத ஒரு பெண், கணவரும் போன பின் உயில் எழுதாமல் காலமானால், அவள் சம்பாதித்த சொத்து முதலில் போவது கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற தாயாருக்கு அதற்குப் பிறகுதான் இடம். 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவர் இறந்துவிட்டார். புக்ககத்தார் அந்தப் பெண்ணை வெளியேற்றிவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்து, வேலைக்குப் போய், தன் காலில் நின்றாள். உயில் எழுதாமல் 1996-ல் காலமானாள். அவள் சேமிப்பைத் தாயார் கேட்டார், கணவருடைய சகோதரியின் பிள்ளைகளும் கேட்டார்கள். அவர்களுக்குத்தான் போயிற்று. சட்டம் அப்படி இருக்கும்போது அனுதாபத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், இந்துப் பெண்கள் அனைவரும் உடனே உயில் எழுதி வைக்க வேண்டும் என்று வேண்டுகோளே விடுத்திருக்கிறது.

எழுதுவது சுலபம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைக் காகிதம் போதும். தமிழிலேயே எழுதலாம். புத்தி தெளிவோடு, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் எழுதுவதாகக் குறிப்பிட்டு, எந்தச் சொத்து யாருக்கு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதித் தேதியிடுங்கள். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. நிறைவேற்ற ஒருவரை நியமியுங்கள். வயதானவர்கள் டாக்டர் சர்ட்டிபிகேட் ஒன்றையும் கூடவே வைத்துவிடுங்கள்.

பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் செய்தால் பின்னால் வரும் சந்தேகங்கள் குறையும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் புதிதாக எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் உயிலுக்கு ப்ரொபேட் வாங்க வேண்டும் என்றிருந்த கட்டாயமும் 2025 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. பெரிய சொத்தோ, பூர்வீகச் சொத்தோ இருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

உயிலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் பூட்டி வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்க உயில் வேண்டும், உயிலை எடுக்க லாக்கர் திறக்க வேண்டும் என்று ஆகிவிடும். அது இருக்கும் இடம் மனைவிக்கும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்துக்குப் பங்கு போடத் தெரியும். யார் கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள், யாருக்குத் தேவை அதிகம் என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இன்று வீட்டுக்குப் போனதும், உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் இருவருமாக உட்கார்ந்து எழுதுங்கள். அதுவே பாதி உயில். மீதியை அடுத்த கூட்டத்துக்குள் முடித்துவிடலாம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமானால் நம் சங்கத்து இளைஞர்கள் இருக்கிறார்கள்.