கணக்கில் வராத பயணி

('சொகுசுக் கப்பல் பயணத்தில் மிஞ்சுவது மகிழ்ச்சியா? மனக்கவலையா?' என்ற பட்டிமன்றத்தில், 'மனக்கவலையே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் இன்னமும் சிரித்துக்கொண்டே இருக்கிற சகோதரி அவர்களே, அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோயிருக்கிற என் அணித் தோழர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே!

சகோதரி ஒரு பழமொழியைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே!" நல்ல பழமொழிதான். ஆனால் ஐயா, அதைச் சொன்னவன் எங்கே நின்று சொன்னான்? கரையில் நின்று சொன்னான்! (சிரிப்பு) கப்பலுக்குள்ளே இருந்தவனுக்குக் கன்னத்தில் கை வைக்க நேரம் ஏது? அவன் ரெண்டு கையாலும் லைஃப் ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டிருப்பான்!

கப்பலில் இன்பமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்தபோது, நம்ம ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அந்த ஆசை வந்தது. எங்கள் வீட்டிலும் வந்தது. ரெண்டு இரவுப் பயணம். நான், என் துணைவியார், எழுபத்தெட்டு வயது மாமியார், மூன்று பேரும் போனோம். உள்ளே போனால் நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சாப்பாடு. கடலைப் பார்க்க வந்த கூட்டம் கடலைப் பார்க்கவே இல்லீங்க, தட்டைத்தான் பார்த்தது. என் மாமியார் ஐம்பது வகைப் பண்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, தயிர்சாதம் எங்க வச்சிருக்கான்?" என்று கேட்டார்கள். இருந்தது! அந்த ஒரு மகிழ்ச்சியை எதிரணிக்கு நான் தாராளமாகவே விட்டுக்கொடுக்கிறேன். (சிரிப்பு)

கவலை ராத்திரி ஆரம்பித்தது. டிராவல்ஸ்காரர் எங்களுக்கு ஒதுக்கியிருந்த அறை கப்பலின் மூக்குப் பக்கம், மேல் தளம். பூங்காவிலே பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடுகிற சீசா பலகையைப் பார்த்திருப்பீர்கள். முனையில் உட்கார்ந்தவன் வானத்துக்கும் பூமிக்கும் போய் வருவான். நடுவில் இருக்கிறவனுக்கு ஆட்டமே தெரியாது. கப்பலும் அப்படித்தான். நடுப்பகுதி, கீழ்த்தளம், அங்கேதான் ஆட்டம் குறைவு. வயசானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாமியாருக்குத் தலைசுற்றல், வாந்தி. என் துணைவியார் பதறிப்போய் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனாள். ஒரு ஊசி, நாலு மாத்திரை. காலையில் அறைக் கணக்கில் ஒரு தொகை ஏறியிருந்தது. அந்த அம்மையாருக்கு நான் எடுத்த டிக்கெட்டில் சரிபாதி! மாமியார் பில்லைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "மாப்பிள்ளை, இதை முதல்லயே காட்டியிருந்தா ஊசி போடாமலே எனக்குக் குணமாயிருக்குமே!" (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் நடுக்கடலில் வந்தது தலைசுற்றலாக இல்லாமல் நெஞ்சுவலியாக இருந்தால்? கப்பல் மருத்துவமனை முதலுதவிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நம்ம ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீடு கரையைத் தாண்டிச் செல்லுமா என்று எத்தனை பேர் பார்த்துவிட்டு ஏறுகிறோம்?

அந்த டிக்கெட்டைத்தான் யார் படிக்கிறோம்? கல்யாணப் பத்திரிகையில் மாமன் பேர் விட்டுப்போனால் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கிற நாம், டிக்கெட்டின் பின்னாலே இருக்கிற பொடி எழுத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துப் பெண்மணி ஒருவர் கப்பலில் வழுக்கி விழுந்து அடிபட்டு, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வழக்குப் போட்டார். 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? டிக்கெட்டில் புளோரிடா நீதிமன்றம் என்று அச்சடித்திருக்கிறது, அங்கே போ என்று சொன்னது. அமெரிக்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு! ஊரை மாற்றுகிற உரிமையும் கப்பல்காரருக்கு உண்டு. 2022 ஜூனில் நம்ம கப்பல் ஒன்று புதுச்சேரி அருகே வந்து நின்றது. அரசு அனுமதி கொடுக்கவில்லை. பயணிகள் புதுச்சேரியைத் தூரத்திலிருந்து தரிசனம் பண்ணிவிட்டுப் போனார்கள்!

சரி, அனுமதி கிடைத்து இறங்கினீர்கள். திரும்பி ஏற வேண்டுமே! இந்தக் கவலை இன்று நேற்று வந்ததல்ல. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு, பசியால் வாடுகிற சாவக நாட்டுக்குச் சோறு போடக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் ஒரு நாள் தங்குகிறது. இவன் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, இருட்டிலே பாயை விரித்துக்கொண்டு கப்பல் போய்விட்டது! ஆளே இல்லாத தீவு. ஊருக்கெல்லாம் சோறு போடுகிற பாத்திரம் கையில்; சோறு வாங்கிக்கொள்ள ஓர் உயிர் இல்லை. தனக்கு மட்டும் அது எதற்கு என்று அதைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிரை விட்டான் அந்தப் புண்ணியவான்.

இது பழங்கதை என்று சகோதரி தலையை ஆட்டுகிறார்கள். 2024 மார்ச் மாதத்துக்கு வாங்கம்மா! ஆப்பிரிக்கக் கடற்கரையை ஒட்டி சாவோ டோமே என்று ஒரு தீவு. நார்வேஜியன் டான் என்ற கப்பலிலிருந்து எட்டுப் பயணிகள் தனி ஏற்பாட்டில் ஊர் சுற்றப் போனார்கள். நேரத்துக்குத் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் கர்ப்பிணி, ஒருவர் நடக்க முடியாதவர். அந்த ஊர்க் கடலோரக் காவல் படகிலே ஏறிக் கப்பல் வரைக்கும் போயும் ஏற்றிக்கொள்ளவில்லை. நேரத்துக்கு வருவது பயணியின் பொறுப்பாம்! பிடிக்கலாம் என்று காம்பியா நாட்டுக்குப் போனால், கடலில் நீர் மட்டம் போதவில்லை என்று கப்பல் அங்கே கரையே ஒதுங்கவில்லை. அங்கிருந்து செனகலுக்கு ஓட்டம். ஆபுத்திரனிடம் அமுதசுரபியாவது இருந்தது. இவர்களிடம் கைப்பையும் கடன் அட்டையும்தான்!

ஆகவே நடுவர் அவர்களே, கப்பலில் என் முதல் கவலை சாப்பாடு அல்ல, படுக்கை அல்ல. என்னை அங்கே யார் எண்ணுகிறார்கள்? அதுதான் என் கவலை.

கிளம்புவதற்கு முன்னால் ஆபத்துக்கால ஒத்திகை நடத்துகிறார்கள். ஏழு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாகச் சங்கு ஊதும். எங்கே கூட வேண்டும், எந்தப் படகு என்று காட்டுவார்கள். நாங்கள் போன கப்பலில் இது நடக்கும்போது, "கிளம்புற நேரத்துல அபசகுனமா என்ன பேச்சு இது?" என்கிறார்கள் மாமியார். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அவர் வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்கிறார்: "நான் பஜ்ஜி சாப்பிட்டுட்டு வர்றேன், பேர் கூப்பிட்டா எனக்கும் சேர்த்து 'பிரசன்ட்' சொல்லிடு!" (சிரிப்பு) முப்பது வருஷம் கல்லூரியில் வருகைப் பதிவு எடுத்தவன் நான். பிராக்சி குரல் எனக்குத் தெரியாதா? ஆபுத்திரனுக்கும் அன்றைக்கு எவனோ ஒருத்தன் பிராக்சி கொடுத்திருக்க வேண்டும்! (பலத்த கைதட்டல்)

2012 ஜனவரி 13. இத்தாலியின் ஜிலியோ தீவு. கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல், 4,229 உயிர்கள். ராத்திரி உணவு நேரம். பாறையில் மோதியது. மின்சாரக் கோளாறு என்று அறிவித்தார்கள். அறைக்குத் திரும்பிப் போங்கள் என்றுகூடச் சிலரிடம் சொன்னார்கள். கப்பலைக் கைவிடச் சொல்லும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடக்கவில்லை. ஒரு நாளைக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. கிளம்பும் முன்னரோ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி மாறி நடைமுறைக்கு வந்தது 2015இல். மாலுமித் தலைவனுக்குத் தமிழில் மீகாமன் என்று அழகான பெயர். அந்த மீகாமன் என்ன செய்தான்? பயணிகள் எல்லாரும் இறங்கும் முன்னாலேயே தான் இறங்கிவிட்டான்! கடலோரக் காவல் அதிகாரி தொலைபேசியில், திரும்பக் கப்பலுக்குப் போ என்று அதட்ட வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இறந்தவர்கள் 32 பேர்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம், ஐயா.

அந்த 32 பேரில் ஒருவர் மும்பையைச் சேர்ந்தவர், கப்பலில் உணவு பரிமாறிய ஊழியர். தலைவன் இறங்கிப்போன அந்தக் கப்பலில், அவர் பயணிகளுக்கு உதவிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய சகோதரர் இத்தாலிக்குப் போய்க் காத்துக் கிடந்தார். கப்பலை நிமிர்த்தி, மிதக்கவிட்டு, ஜெனோவாத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போய் உடைக்கத் தொடங்கிய பிறகு, 2014 நவம்பரில்தான் அந்தப் பிள்ளையின் எலும்புகள் கிடைத்தன. இரண்டு ஆண்டு, பத்து மாதம் கழித்துத்தான் அந்த 32 பேர் கணக்கு முடிந்தது.