பட்டியலில் ஒரு பெயர்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கிற இன்ஜினியர் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு படிவத்தைப் பற்றி. வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6. குடியுரிமை கிடைத்துவிட்டால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது. ஒருத்தர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும்.

அதன் அருமை தெரிந்தவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்ட மக்கள் அவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மொத்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இங்கே வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கப்பட்டது. அங்கேயே குடியுரிமை இல்லாமல் தங்கிப்போனவர்களுக்கு 2003இல் இலங்கை நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. அதன்பின் பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். தன்னார்வலர்கள் தோட்டப் பகுதிகளுக்கே போய் மையம் போட்டு, படிவம் நிரப்பிக் கொடுத்ததால்தான் அது முடிந்தது. சட்டம் மட்டும் இருந்திருந்தால் பத்து வருஷம் ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் ஒரு சகோதரி 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். ஆக, பிறந்த நாளிலேயே அவர் இந்தியர். இருந்தும் பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2022இல் தீர்ப்பு வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாக ஓட்டுப் போட்டார். உரிமை அத்தனை வருஷமும் சட்டப் புத்தகத்தில் இருந்தது; பட்டியலில்தான் பெயர் இல்லை.

அதே முகாமில், அதே தாய்க்கு 1988இல் ஒரு தங்கை பிறந்திருந்தால்? பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் அவர் குடிமகள் ஆகமாட்டார். அக்காவுக்கு ஓட்டு உண்டு, தங்கைக்குக் கிடையாது. அதனால் உதவப் போகிறவர்கள் பிறந்த தேதியையும் பெற்றோர் விவரத்தையும் கேட்காமல் பேனாவை எடுக்கக் கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். நம்ம அவசரத்துக்கு ஒரு ஏழை மாட்டிக்கொள்ளக் கூடாது, பாருங்கள்.

பதிவு மூலம் குடியுரிமை பெற்றவர் என்றால் அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் ஒவ்வொரு காகிதத்திலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உள்ளே போவது தப்பென்றால் வெளியே வருவதும் தப்பு. இது நம்ம தொழிலில் முதல் பாடம். விண்ணப்பித்ததோடு விடாமல், பட்டியல் வந்ததும் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போடலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேட்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: யாருக்கு ஓட்டு என்ற பேச்சு அந்த மேஜையில் வரவே கூடாது.

தம்பி தங்கைகளே, முதலில் உங்கள் பெயர் இருக்கிறதா? 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் 18 வயதுக்கான தகுதி நாள். 17 முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். சிறுசேரி, நாவலூர், படூர் பக்கம் குடிவந்த நண்பர்களே, ஓட்டு இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கிறதா? படிவம் 8 எழுதி இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். நாம் எழுதிப் பழகினால்தான் அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்க முடியும்.

சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மேஜை, நாலு நாற்காலி, கூட நாலு பேர். கேட்கத் தயங்கி நிற்பவரைக் கூப்பிட்டு, "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்ல மனசுள்ள நாலு பேர். சம்மதமுள்ளவர்கள் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளர் அண்ணனிடம் பெயர் கொடுங்கள். என் பெயரை இப்போதே கொடுத்துவிட்டேன்.