மீத்தேனும் நீராவியும்: நாம் கற்க வேண்டிய வேதியியல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



திண்டுக்கல் சமவெளியில் நெல்லுக்கும் காய்கறிப் பயிர்களுக்கும் யூரியா இடுகின்றனர். அந்த மூட்டையைச் சுமப்பவர்களிலும் வயலில் தூவுபவர்களிலும் நம் மக்கள் பலர். அந்த வெண்ணிறக் குருணை எவ்வாறு பிறக்கிறது என்பதை நம் பிள்ளைகளும் அறிதல் வேண்டும் என்னும் விருப்பத்தால் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்குக் காற்றிலுள்ள நைட்ரஜனும், அதனோடு சேர ஹைட்ரஜனும் வேண்டும். சென்னையை அடுத்த மணலியில் 1971-இலும் தூத்துக்குடியில் 1975-இலும் உற்பத்தியைத் தொடங்கிய உர ஆலைகள், முதலில் நாப்தா என்னும் பெட்ரோலியப் பொருளிலிருந்து ஹைட்ரஜனைப் பெற்றன. மணலி ஆலை 2019-இலும் தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 2021-இலும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேனே.

மீத்தேன் நீராவியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் தருகிறது. இவ்வினை வெப்பத்தை விழுங்குவது. தோன்றிய கார்பன் மோனாக்சைடு மேலும் நீராவியோடு சேர்ந்து கரியமில வாயுவாக மாறும்போது இன்னும் சிறிது ஹைட்ரஜன் கிடைக்கிறது. முழுமையாக நிகழ்ந்தால், 16 டன் மீத்தேனும் 36 டன் நீரும் சேர்ந்து 8 டன் ஹைட்ரஜனையும் 44 டன் கரியமில வாயுவையும் தரும். அந்த ஹைட்ரஜனில் பாதி, நீர் கொடுத்தது என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மீத்தேன் எளிதில் உடையாத மூலக்கூறு. அதனை உடைக்கத் துணைபுரிவது நிக்கல் என்னும் உலோகம். அலுமினா போன்ற சுட்ட பீங்கான் வில்லைகளின்மேல் நிக்கலை நுண்ணிய துகள்களாகப் படியச் செய்து, பத்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள குழாய்களில் நிரப்பி, உலையில் சூடாக்குகின்றனர். வாயு வெளியேறும்போது வெப்பம் 800 செல்சியசையும் தாண்டும். நிக்கல் இங்கே வினையூக்கி. அது வினையை விரைவுபடுத்தும், தான் செலவழியாது. ஆனால் வினை எந்த எல்லைவரை செல்லும் என்பதை அது மாற்றாது. அதை வெப்பமும் அழுத்தமும் நீராவியின் அளவும் தீர்மானிக்கின்றன. நீராவி குறைந்தால் வில்லையின்மேல் கரி படியும். ஆதலால் மீத்தேனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீராவியைச் செலுத்துவது வழக்கம்.

குழாயின் உள்ளே ஒவ்வொரு சாணுக்கும் வெப்பமும் வாயுக் கலவையும் மாறுகின்றன. நெருப்பினுள் கைவிட்டு அளக்க இயலாது. கணிதமே அங்கே கண்ணாகிறது. 1989-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷூ, ஃபுரோமென்ட் ஆகிய இருவரும் இவ்வினைகளின் வேகத்துக்கு வகுத்த மூன்று சமன்பாடுகள் உலகெங்கும் பயன்படுகின்றன. வினை மிக விரைவாக நிகழ்வதால் வில்லையின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதியே பெரும்பாலும் வேலை செய்கிறது என்பதை இத்தகைய கணக்குகள் காட்டுகின்றன. அதனால்தான் வில்லைகளை வளையமாகவும் பல துளைகள் உடையனவாகவும் வார்க்கின்றனர். பிளஸ் டூ வகுப்பில் கற்கும் வகைக்கெழுவே இக்கணக்குகளுக்கு அடிப்படை.

நிக்கலுக்கு ஒரு பகை உண்டு, அது கந்தகம். ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிதளவு கலந்தாலும் நிக்கல் நஞ்சுண்டு செயலிழக்கும். ஆகவே துத்தநாக ஆக்சைடு நிறைந்த கலத்தின் வழியே எரிவாயுவைச் செலுத்தி, கந்தகம் பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ் குறைந்த பின்னரே குழாய்க்குள் விடுகின்றனர்.

தோழர்களே, இங்குச் சற்று நின்று சிந்திப்போம். இதே மீத்தேனும் இதே ஹைட்ரஜன் சல்பைடும் மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் தோன்றுகின்றன. நம் ஊருக்குப் பேர்போன தோல் பதனிடும் தொழிலிலும் ஆபத்து உண்டு: மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவுநீர், அமிலக் கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். வில்லையிலுள்ள நிக்கலுக்கு இத்தனை காவல் வைக்கத் தெரிந்த நாட்டில், குழிக்குள் இறக்கப்படும் மனிதனுக்கு ஒரு காவலும் இல்லை. அந்த மனிதன் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி எவரையும் சாக்கடையிலோ மலக்குழியிலோ இறக்கிச் சுத்தம் செய்விப்பதைத் தடை செய்கிறது. இத்தகைய மரணங்களுக்குப் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயிரைத் திருப்பித் தராது. ஆதலால் ஒவ்வொரு தெருவிலும் இதைச் சொல்லுங்கள்: மீத்தேனுக்கு மணமில்லை. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுதல் கூடாது. விழுந்தவரைத் தூக்கக் காற்றுக் கருவியின்றி உள்ளே குதித்தால் இருவரையும் இழப்போம். கூலி எவ்வளவு தந்தாலும் இறங்க மறுப்பது சட்டம் நமக்குத் தந்த உரிமை.

மாணவச் செல்வங்களே! வேதியியலும் கணிதமும் நமக்கு எட்டாதவை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உலைக் குழாயின் கணக்கைப் போடும் மேசையில் நம் மகளும் மகனும் அமர வேண்டும். குழிக்கு மனிதனை அனுப்பாத இயந்திரத்தை வகுக்கும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும். அதற்கு மாலை நேர வேதியியல், கணித வகுப்புகளை இந்த வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குமாறு கழகத்தாரை வேண்டுகிறேன்.