சிற்றினமும் சாதியும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புலியும் பூனையும் ஒரே சாதி என்கிறோம்; அதே வாயால் மனிதரிலும் மேல்சாதி, கீழ்சாதி என்கிறோம். ஒரு சொல்லையே இரண்டிற்கும் வழங்குவதால், மனிதச் சாதியும் இயற்கை வகுத்த பிரிவே என்னும் மயக்கம் படித்தவரிடத்தும் நிலவுகிறது. நாம் கல்லூரியில் பயின்றது வரலாறு. ஆயினும் உயிரியல் ஆசிரியர்களோடு பல்லாண்டு பழகிய உரிமையில் இதைப் பேசத் துணிகிறோம்.

இயற்கையில் தம்முள் கூடி, வளமுள்ள சந்ததியை ஈனும் உயிர்க்கூட்டமே சிற்றினம் என 1942இல் எர்ன்ஸ்ட் மயர் வரையறுத்தார். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அவை சரிவர இணை சேராமையால் அது மலடாகிறது. பெண் கோவேறு கழுதை ஈனுவது மிக மிக அரிது. இஃது உடலுக்குள் அமைந்த தடை. கூடுவதற்கு முன்னரே நிற்கும் தடைகளும் உள. மழை இரவில் ஒரே குட்டையில் பலவகைத் தவளைகள் கத்துகின்றன. பெண் தவளையோ தன் வகை ஆணின் குரலையே நாடிச் செல்கிறது.

இத்தகைய பிரிவு தொடங்கும் விதத்தைக் கண்ணெதிரே கண்டவர்களும் உளர். தென்னமெரிக்காவுக்கு மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், டார்வின் 1835இல் கண்ட கலாபகசுத் தீவுகள் உள்ளன. அவற்றுள் டாஃப்னே மேஜர் என்னும் சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் ஃபிஞ்சுக் குருவிகளை ஆராய்ந்தனர். 1981இல் 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பனோலாத் தீவிலிருந்து ஓர் ஆண் குருவி வந்து சேர்ந்தது. உடல் பெரிது, பாட்டும் வேறு. அஃது உள்ளூர்ப் பெண் குருவியோடு கூடியது. ஆண் குஞ்சுகள் தந்தையிடமே பாட்டுக் கற்கும். பெண் குருவிகள் பாட்டையும் அலகையும் பார்த்தே துணை தேடும். ஆகவே வந்தவனின் வழித்தோன்றல்கள் சில தலைமுறைகளுக்குள் தமக்குள் மட்டுமே இணையலாயின.

இங்கே இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும்: அவ்வாறாயின், தமக்குள்ளேயே மணந்துவரும் சாதிகளும் ஒருநாள் தனிச் சிற்றினங்கள் ஆகிவிடுமா? நியாயமான கேள்வி.

அக்குருவிகள் பிரிந்து வாழ்வது தம் நாட்டத்தால். அவற்றுக்குக் காவலர் எவரும் இல்லை. மனிதரிடத்து நாட்டம் சாதியைக் கேட்பதில்லை. கலந்து மணந்தோரின் பிள்ளைகள் நம் பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களும் மணந்து மக்களைப் பெறுகின்றனர். உடலில் தடையே இல்லாமையால்தான் ஊர்க் கட்டுப்பாடும் விலக்கி வைத்தலும் வேண்டியிருக்கின்றன. மீறிய இளம் உயிர்களைக் கொல்லும் கொடுமையும் நிகழ்கிறது. சாதியின் உயிர்நிலை அகமணமே என்பதை அண்ணல் அம்பேத்கர் 1916இல், தம் 25ஆம் வயதில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே நிறுவினார்.

அண்மைக்கால ஜீன் ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. ஹைதராபாத் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இது: ஏறத்தாழ 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர், அதன் பின்னரே அகமணம் இறுகியது. உயர்ந்தோர் எனப்படுவோரும் தாழ்ந்தோர் எனப்படுவோரும் அக்கலப்பின் வழிவந்தோரே.

இத்தனை நூற்றாண்டு அடைப்பால் புதுச் சிற்றினம் எதுவும் தோன்றவில்லை, தோன்றியவை நோய்களே. சிறு வட்டத்துள் மணந்தால், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதுற்ற ஜீன் பிள்ளையிடம் இரட்டித்து வெளிப்படுகிறது. ஆந்திர, தெலங்கானப் பகுதிகளின் ஒரு வணிகச் சமூகத்தாருள் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரும் மருந்து உடலில் எளிதில் சிதைவதில்லை. மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலற்றுப் போகின்றன. அதனால் அச்சமூகத்தாரிடம் மருத்துவர்கள் முன்கூட்டியே குலத்தைக் கேட்டறிந்து கொள்கின்றனர்.